அடிபட்ட கண்ணில் விழித்திரை விலகல்: அறுவை சிகிச்சை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணில் அடிபட்டு, காயத்துக்கு முதல் சிகிச்சை முடிந்த பிறகு, "விழித்திரை விலகியிருக்கிறது, இன்னொரு ஆபரேஷன் வேண்டும்" என்று சொல்லப்பட்டவர்களுக்காகவும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்காகவும் இந்தக் கேள்விகளும் பதில்களும் தொகுக்கப்பட்டுள்ளன. வயது காரணமாகவோ கிட்டப்பார்வை காரணமாகவோ தானாக ஏற்படும் விழித்திரை விலகலைப் பற்றிப் படிக்க நிறையக் கிடைக்கிறது. அடிபட்ட கண் அப்படி நடந்துகொள்வதில்லை. அதன் சிகிச்சையும் எதிர்பார்க்கக்கூடிய பலனும் வேறு. இங்கே சொல்லப்படும் எதுவும் உங்கள் கண்ணை நேரில் பரிசோதித்த மருத்துவரின் சொல்லுக்கு மாற்றாகாது.

விழித்திரை விலகுவது என்றால் கண்ணுக்குள் என்னதான் நடக்கிறது?

கண்ணின் உட்புறச் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டியிருப்பது விழித்திரை. ஒளியை நரம்புச் செய்தியாக மாற்றும் செல்கள் அதில்தான் இருக்கின்றன. அந்தச் செல்களுக்குத் தேவையான ஆக்சிஜனும் ஊட்டமும் விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ரத்தக்குழாய்ப் படலத்திலிருந்து வருகின்றன. படலம் சுவரிலிருந்து பிரிந்துவிட்டால் அந்த ஊட்டம் நின்றுபோய், பிரிந்த பகுதி பார்வையை இழக்கிறது. விழித்திரையின் நடுப்பகுதியாகிய மேக்குலாவில்தான் படிக்கவும் முகம் அறியவும் தேவைப்படும் கூர்மையான பார்வை இருக்கிறது. ஆகவே, மேக்குலா இன்னும் ஒட்டியிருக்கிறதா, பிரிந்துவிட்டதா, பிரிந்து எத்தனை நாள் ஆயிற்று என்பவையே மருத்துவர் முதலில் அறிய விரும்பும் விஷயங்கள்.

அடிபட்டுப் பல மாதங்கள் ஆகிவிட்டன. இவ்வளவு தாமதமாக விழித்திரை விலகுமா?

விலகும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கிரிக்கெட் பந்து, கிட்டிப்புள், முழங்கை, விறகுச் சிராய் என ஏதாவதொன்று கண்ணில் வேகமாக மோதும்போது, விழிக்கோளம் முன்பின்னாக நசுங்கி, பக்கவாட்டில் ஒரு கணம் விரிகிறது. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் என்ற கூழ் அந்த வேகத்தில் விரிய முடியாமல், தான் இறுக ஒட்டியிருக்கும் விழித்திரையின் ஓரத்தைப் பிய்த்துவிடுகிறது. வெளியே வெள்விழி கிழியாமலே, உள்ளே இப்படி ஓரம் பிய்ந்துபோவது அடிபட்ட கண்களில் அடிக்கடி காணப்படும் ஒன்று. பிய்ந்த இடத்தின் வழியாக நீர் பின்னால் கசிந்தால் விழித்திரை பிரியத் தொடங்கும். ஆனால் அடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் சிறுவர்களும் இளைஞர்களும். அவர்களுடைய விட்ரியஸ் இன்னும் நீர்த்துப்போகாமல் கெட்டியாக இருப்பதால், பிய்ந்த இடத்தை அதுவே அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். நீர் மிக மெதுவாகவே உள்ளே புகும். விலகல் ஓரத்தில் தொடங்கி நடுப்பகுதியை நோக்கி ஊர்ந்து வர மாதங்களும், சிலருக்கு ஆண்டுகளும் ஆகின்றன.

அமெரிக்காவில் காக்ஸ், ஷெப்பன்ஸ், ஃப்ரீமன் ஆகியோர் 1966-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மழுங்கிய அடியால் ஏற்பட்ட விழித்திரை விலகல்களில் உடனே கண்டறியப்பட்டவை 12 சதவீதம் மட்டுமே; ஒரு மாதத்துக்குள் 30 சதவீதமும், எட்டு மாதங்களுக்குள் 50 சதவீதமும், இரண்டு ஆண்டுகளுக்குள் 80 சதவீதமும் கண்டறியப்பட்டன. அதாவது, ஐந்தில் ஒருவருக்கு இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகே தெரியவந்தது.

விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. சிவப்பு மறைந்து, வீக்கம் வடிந்து, வலியும் நின்றுவிட்ட கண் குணமாகிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். அந்த அமைதியான மாதங்கள்தான் சிகிச்சைக்கு மிகச் சாதகமான காலம். கண்மணியை மருந்தால் விரித்து, விழித்திரையின் ஓரம் வரை பார்த்தால், பிய்ந்த இடம் விலகலாக மாறுவதற்கு முன்பே வெளிநோயாளர் பிரிவில் லேசரிலோ, கடுங்குளிரால் உறையவைத்து ஒட்டும் உறைவைப்புச் சிகிச்சையிலோ அதை அடைத்துவிடலாம். அதை விட்டுவிட்டு ஆண்டு கழித்து வருபவருக்குப் பெரிய அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது.

கண் கிழிந்த காயத்துக்கும் இதே கதைதானா?

இல்லை. வெள்விழியோ கருவிழியோ முழு ஆழத்துக்குக் கிழிந்த கண்ணில் நடப்பது வேறு. கத்தி, கம்பி, கண்ணாடிச் சில்லு போன்றவை வெட்டிய காயமானாலும், பலமான அடியில் கண்ணே வெடித்த காயமானாலும், அந்த வழியாக விட்ரியஸ் வெளியே பிதுங்கிக் காயத்தின் வாயில் சிக்கிக்கொள்கிறது. ரத்தமும் உள்ளே கலக்கிறது. காயத்தை ஆற்ற உடல் எங்கும் செய்வதைத்தான் இங்கும் செய்கிறது: செல்கள் குவிந்து தழும்பை உண்டாக்குகின்றன. கை காலில் தழும்பு வந்தால் காயம் மூடிவிடும், அவ்வளவுதான். கண்ணுக்குள் அதே தழும்பு, சிக்கிய கூழைப் பிடித்துக்கொண்டு சவ்வாகப் படர்ந்து, சுருங்கி, விழித்திரையைச் சுவரிலிருந்து இழுத்துப் பிரித்துவிடுகிறது. முதல் நான்கு முதல் எட்டு வாரங்களில் இது வேகமாக நடக்கும்.

என்னென்ன அறிகுறிகள் தெரிந்தால் உடனே வரவேண்டும்?

கண் முன்னால் கரும்புள்ளிகளோ புகைச்சுருள் போன்ற நிழல்களோ திடீரென அதிகமாக மிதப்பது. இருட்டிலும் ஓரத்தில் மின்னல் வெட்டுவது போல ஒளி தோன்றுவது. பார்வைப் பரப்பின் ஒரு பக்கத்திலிருந்து திரை இழுத்தது போல நிழல் பரவுவது. நேர்க்கோடுகள் வளைந்து தெரிவது. இவற்றில் எது தோன்றினாலும் அன்றே விழித்திரை மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆனால் அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பது அடிபட்ட கண்ணுக்குப் பொருந்தாது. ஓரத்தில் மெதுவாகப் பரவும் விலகலை, குறிப்பாகக் கீழ்ப்பகுதியில் இருப்பதை, நடுப்பகுதியைத் தொடும் வரை நோயாளி உணர்வதேயில்லை. மறு கண் நன்றாக இருப்பதும் இதை மறைத்துவிடுகிறது. வாரம் ஒரு முறை நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடி, அடிபட்ட கண்ணால் மட்டும் காலண்டரையோ கதவுச் சட்டத்தையோ பார்த்து, நான்கு ஓரங்களும் தெரிகின்றனவா எனச் சோதிக்கும் வழக்கம் நல்லது.

கண்ணைத் தைத்த அன்றே விழித்திரையையும் ஏன் ஒட்டவில்லை? மருத்துவமனை காலம் கடத்துகிறதா?

குடும்பத்தார் மிகுந்த வேதனையோடு கேட்கும் கேள்வி இது. திறந்த காயத்தில் முதல் அறுவை சிகிச்சையின் நோக்கம் ஒன்றே ஒன்று: கிழிந்த கண்ணை நீர் கசியாதபடி மூடுவது. இயன்றவரை முதல் 24 மணி நேரத்துக்குள் அதைச் செய்துவிட வேண்டும். மூடாத கண்ணுக்குள் வேறு எந்த நுட்பமான வேலையும் செய்ய முடியாது. கிருமித் தொற்றுக்கும் அது திறந்த வாசல்.

இரண்டாம் கட்டமாகிய விழித்திரை அறுவை சிகிச்சையைப் பல மருத்துவர்கள் ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் வைக்கிறார்கள். அதற்குள் கருவிழியின் வீக்கம் குறைந்து உள்ளே தெளிவாகத் தெரியும். தைத்த இடம் கருவிகளின் அழுத்தத்தைத் தாங்கும் அளவு இறுகும். ரத்தக்குழாய்ப் படலத்தில் கட்டியாக உறைந்த ரத்தம் நீர்த்து, வெளியேற்றக்கூடியதாக மாறும். விட்ரியஸ் விழித்திரையிலிருந்து தானாகவே ஓரளவு பிரியத் தொடங்கும். அறுவையின்போது புதிதாக ரத்தம் கசியும் அபாயமும் தணியும். அதற்கு மேல் தள்ளிப்போட்டால், மேலே சொன்ன தழும்புச் சவ்வு பற்றிக்கொள்ளும். முதல் மூன்று நான்கு நாட்களுக்குள்ளேயே செய்துவிடுவது தழும்பைத் தடுக்கும் என்று கருதும் அறுவை நிபுணர்களும் இருக்கிறார்கள். இதில் உலக அளவில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கண்ணுக்குள் தொற்று ஏற்பட்டிருந்தாலோ, இரும்பு போன்ற பொருள் தங்கியிருந்தாலோ காத்திருப்பு கிடையாது. ஆக, அந்த ஒன்றிரண்டு வார இடைவெளி பெரும்பாலும் திட்டமிட்ட இடைவெளி. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: தையல் போட்டதும் வலி குறைந்துவிட்டது என்று ஊருக்குப் போய், குறித்த தேதிக்கு வராமல் ஒரு மாதம் கழித்து வருவதில்தான் கண்கள் கைவிட்டுப் போகின்றன.

உள்ளே ரத்தம் நிறைந்திருக்கும்போது விழித்திரை விலகியதை எப்படி அறிகிறார்கள்?

பி-ஸ்கேன் எனப்படும் கண் அல்ட்ராசவுண்டு மூலமாக. மூடிய இமையின் மேல் ஜெல் தடவி, மெதுவாகக் கருவியை வைத்து எடுக்கப்படும் இந்தச் சோதனையில், விலகிய விழித்திரை பார்வை நரம்பிலிருந்து கிளம்பும் பிரகாசமான மடிப்பாகத் தெரியும். காயம் தைக்கப்படாத கண்ணில் அழுத்தம் கூடாது என்பதால், முதல் நாளில் சி.டி. ஸ்கேனே விரும்பப்படும். சுத்தியலால் உளியையோ இரும்பையோ அடித்தபோது ஏதோ தெறித்தது என்று நோயாளி சொன்னால் சி.டி. ஸ்கேன் கட்டாயம். அப்போது எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது, ஏனெனில் அதன் காந்தம் கண்ணுக்குள் இருக்கும் இரும்பை நகர்த்திப் பெரும் சேதம் விளைவிக்கும்.

இரும்புத் துண்டு உள்ளே இருந்தும் பார்வை தெரிகிறது. அதை எடுக்கத்தான் வேண்டுமா?

வேண்டும். கல் கொத்துபவர்கள், வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவர்கள், கிணறு வெட்டுபவர்கள் ஆகியோருக்கு நேரும் காயம் இது. நாள்பட அடிவாங்கிய உளியின் தலை விளிம்பு விரிந்து பிசிறு பிசிறாக நிற்கும். அடுத்த அடியில் அந்தப் பிசிறு ஒன்று உடைந்து, துப்பாக்கி ரவை வேகத்தில் கண்ணுக்குள் பாய்கிறது. வேகமாகப் பாய்ந்த சிறு துண்டு கருவிழியில் மிகச் சிறிய தடயத்தையே விடும், வலியும் அதிகமிருக்காது. ஆனால் இரும்பு கண்ணுக்குள் கரைந்து, அதன் உப்புகள் விழித்திரைச் செல்களை மாதக்கணக்கில் நச்சுப்படுத்தும். செம்பு அதிகம் கலந்த துண்டு சில நாட்களிலேயே கடும் அழற்சியை உண்டாக்கும். மண்ணில் கிடந்த பொருள் என்றால் பேசில்லஸ் வகைக் கிருமிகள் ஒரே நாளில் கண்ணை அழித்துவிடக்கூடும் என்பதால், கண்ணுக்குள்ளேயே வான்கோமைசின், செஃப்டாசிடைம் போன்ற மருந்துகள் செலுத்தப்படும்.

விழித்திரையை ஒட்டவைக்க எந்த அறுவை சிகிச்சை செய்வார்கள்?

இரண்டு பெரும் வழிகள் உள்ளன. 1920-களில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனான் என்ற மருத்துவர், விழித்திரையில் ஏற்பட்ட கிழிசலே விலகலுக்குக் காரணம், கிழிசலைத் தேடிக் கண்டுபிடித்து அடைத்தால் விலகல் சரியாகும் என்பதை நிறுவினார். அதற்கு முன்பு இந்த நோய்க்குச் சிகிச்சையே இல்லை என்ற நிலைதான் இருந்தது. இன்று செய்யப்படும் எல்லா முறைகளும் அவர் சொன்ன அந்த அடிப்படையின் மேல்தான் நிற்கின்றன.

முதல் வழி பக்கிள். வெள்விழியின் வெளிப்புறத்தில் சிலிக்கோன் துண்டு ஒன்றைத் தைத்து, சுவரை உள்நோக்கி அழுத்திக் கிழிசலோடு சேர்ப்பது. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் குஸ்டோடிஸ் 1949-இல் இந்த வெளிப்புற அழுத்த முறையைக் கொண்டுவந்தார். கண்ணுக்குள் நுழையாமலே முடிந்துவிடும் இந்தச் சிகிச்சை, மழுங்கிய அடியால் ஓரம் பிய்ந்த இளைஞர்களின் கண்ணுக்கு மிகப் பொருத்தமானது. பழைய முறை என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. கெட்டியான விட்ரியஸ் கொண்ட இளங்கண்ணில், தெளிவாகத் தெரியும் ஓரக் கிழிசலுக்கு, அதுவே முதல் தேர்வு.

இரண்டாம் வழி விட்ரெக்டமி. 1970-இல் அமெரிக்காவின் மயாமி நகரில் ராபர்ட் மாக்கெமர், மூடிய கண்ணுக்குள் சிறு கருவி ஒன்றைச் செலுத்தி விட்ரியஸை வெட்டி உறிஞ்சும் முறையைத் தொடங்கினார். கண் கிழிந்த காயங்களிலும், உள்ளே ரத்தமோ தழும்புச் சவ்வோ இருக்கும்போதும், கிழிசல் மிகப் பெரிதாக இருக்கும்போதும் இதுவே தேவைப்படும். அடிபட்ட கண்களில் பல சமயம் இரண்டும் சேர்த்துச் செய்யப்படுகின்றன: விட்ரெக்டமியோடு, கண்ணைச் சுற்றி ஒரு சிலிக்கோன் பட்டையும் வைக்கப்படும்.

விட்ரெக்டமியின்போது உள்ளே என்ன செய்கிறார்கள்?

கருவிழியின் விளிம்பிலிருந்து மூன்றரை அல்லது நான்கு மில்லிமீட்டர் பின்னால், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மூன்று துளைகள் இடப்படும். ஒன்றின் வழியாக உப்புநீர் பாய்ந்து கண்ணின் அழுத்தத்தைக் காக்கும். இன்னொன்றின் வழியாக விளக்கு. மூன்றாவதில் வெட்டும் கருவி. அடிபட்ட கண்ணில் முதல் சவால் நீர்க்குழாயின் நுனி சரியான இடத்தில் இருக்கிறதா என்பதே. வீங்கிய ரத்தக்குழாய்ப் படலத்துக்கு அடியில் அது இருக்கும்போது நீரைத் திறந்துவிட்டால் விழித்திரையே மேலும் பெயர்ந்துவிடும். ஆகவே நுனியைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யாமல் நீரைத் திறக்க மாட்டார்கள்.

பிறகு ரத்தம் கலந்த விட்ரியஸ் அகற்றப்படும். காயத்தில் சிக்கிய இழைகள் அறுக்கப்படும். விழித்திரையின் மேல் படிந்த சவ்வுகள் நுண்ணிய இடுக்கியால் உரிக்கப்படும். இதுதான் நேரமெடுக்கும் வேலை: சவ்வு வெண்மையான மெல்லிய தோலாக இருக்கும், அதன் அடியில் விழித்திரை கால் மில்லிமீட்டர் தடிமன்தான், இழுக்கும் திசை சற்றே பிசகினாலும் புதிய கிழிசல் விழும். சவ்வு உரிந்ததும், நீரைவிடக் கனமான பெர்ஃப்ளுரோகார்பன் திரவம் சொட்டுச் சொட்டாக உள்ளே விடப்படும். பளபளக்கும் குமிழாக அது நடுவிலிருந்து பரவ, அதன் எடையில் மடிப்புகள் ஒவ்வொன்றாக விரிந்து விழித்திரை சுவரில் படிவதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். காயத்தோடு ஒட்டிச் சுருங்கிப்போன பகுதி எவ்வளவு முயன்றும் விரியாவிட்டால், அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றுவார்கள். கடைசியில் கிழிசல்களைச் சுற்றி லேசர் இடப்பட்டு, கண்ணுக்குள் வாயுவோ சிலிக்கோன் எண்ணெயோ நிரப்பப்படும். லேசர் இட்ட இடம் உறுதியாகப் பற்றிக்கொள்ள ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆகும் என்பதால், அதுவரை விழித்திரையை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்க ஏதாவது ஒன்று தேவை.

கருவிழி முழுவதும் மங்கிப்போய் உள்ளே எதுவும் தெரியாத கண்ணுக்கும் வழி இருக்கிறது. தற்காலிகச் செயற்கைக் கருவிழி ஒன்றைப் பொருத்தி அறுவை சிகிச்சையை முடித்து, பிறகு தானமாகப் பெற்ற கருவிழியைத் தைப்பார்கள். சில மையங்களில் எண்டோஸ்கோப் வழியாகவே செய்கிறார்கள். நாம் மண்ணில் புதைக்கும் கருவிழி இன்னொருவரின் விழித்திரையையும் காக்க உதவக்கூடியது என்பதைக் கண்தானம் பற்றி யோசிப்பவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

வாயு, சிலிக்கோன் எண்ணெய்: எனக்கு எது? வேறுபாடு என்ன?

எஸ்.எஃப்.6 வாயு ஏறக்குறைய இரண்டு வாரமும், சி3எஃப்8 வாயு ஏறக்குறைய இரண்டு மாதமும் கண்ணுக்குள் இருந்து, தானாகக் கரைந்துவிடும். எண்ணெய் தானாகப் போகாது. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்களில் இன்னொரு சிறு அறுவை சிகிச்சையில் எடுக்க வேண்டும். தழும்புச் சவ்வு கடுமையாக உள்ள கண்கள், ரத்தக் கசிவு அபாயம் உள்ள கண்கள், சொன்னபடி படுக்க முடியாத சிறு பிள்ளைகள், விரைவில் பயணம் செய்ய வேண்டியவர்கள் ஆகியோருக்கு எண்ணெய் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அடிபட்ட கண்களில் அது அதிகம் பயன்படுவதற்குக் காரணம் இதுதான்.

வாயு உள்ளே இருக்கும்போது நோயாளி காண்பது வினோதமாக இருக்கும். பிம்பம் விழித்திரையில் தலைகீழாக விழுவதால், கண்ணின் மேற்பகுதியில் நிற்கும் வாயுக் குமிழ் அவருக்குக் கீழ்ப்பகுதியில் தெரியும். முதலில் எல்லாமே கலங்கல். சில நாட்களில் மேல் விளிம்பில் தெளிவான ஒரு பட்டை தோன்றும். தலையை அசைத்தால் அந்தக் கோடு தளும்பும். நாளுக்கு நாள் கோடு கீழே இறங்கி, கடைசியில் சிறு உருண்டையாகி மறைந்துவிடும். முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் இதைக் கண்டு பலர் பயந்துவிடுகிறார்கள்.

வாயு இருக்கும் வரை விமானத்தில் ஏறக்கூடாது, மலைக்கும் போகக்கூடாது. வெளிக்காற்றின் அழுத்தம் குறையும்போது வாயு விரிந்து கண்ணின் அழுத்தத்தைத் திடீரென உயர்த்தி, பார்வை நரம்பின் ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். ஊட்டியும் கொடைக்கானலும் 2000 மீட்டருக்கு மேல் இருக்கின்றன. அங்கிருந்து சமவெளிக்கு வந்து அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்கள், வாயு முழுதும் கரையும் வரை கீழே தங்குவதற்கான ஏற்பாட்டை முன்பே செய்துகொள்ள வேண்டும். வேறு எந்த அறுவை சிகிச்சைக்கும் பல் சிகிச்சைக்கும் போனாலும், கண்ணில் வாயு இருப்பதைச் சொல்லுங்கள்; மயக்க மருந்தாகப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு அந்தக் குமிழைப் பெரிதாக்கிவிடும்.

குப்புறப் படுக்கச் சொல்கிறார்கள். கட்டாயமா? எத்தனை நாள்?

குமிழ் எப்போதும் மேல்நோக்கியே நிற்கும். எனவே, கிழிசல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி தலையை வைத்தால்தான் குமிழ் அதை அடைக்கும். நடுப்பகுதிக்கு அருகில் என்றால் குப்புற. பக்கவாட்டில் என்றால் ஒருக்களித்து. நாட்களின் எண்ணிக்கை கண்ணுக்குக் கண் மாறும். வாயு உள்ளபோது மல்லாந்து படுத்தால் குமிழ் லென்ஸையும் முன்பகுதியையும் அழுத்தும் என்பதால், அதைத் தவிர்க்கவும். சாப்பிடவும் கழிவறைக்குப் போகவும் இடையில் எழுந்துகொள்ளலாம். முதுகு வலியோ மூச்சுத் திணறலோ உள்ளவர்கள் சகித்துக்கொண்டு மறைக்காமல் மருத்துவரிடம் சொன்னால் மாற்று நிலை சொல்லித் தருவார்கள்.

பார்வை எவ்வளவு திரும்பும்?

"விழித்திரை ஒட்டிவிட்டது" என்பதும் "பார்வை திரும்பிவிட்டது" என்பதும் வெவ்வேறு. முதலாவது அறுவை நிபுணரின் கையில் பெருமளவு இருக்கிறது. இரண்டாவது, அடிபட்ட நொடியில் மேக்குலாவும் பார்வை நரம்பும் எவ்வளவு நசுங்கின, மேக்குலா எத்தனை நாள் பிரிந்திருந்தது என்பவற்றைப் பொறுத்தது. அறுவை சிகிச்சைக்கு முன்பே இந்த வேறுபாட்டைக் குடும்பத்தாருக்குப் புரியவைப்பது மருத்துவரின் கடமை என்று உறுதியாகச் சொல்ல வேண்டும்.

ஓரளவு கணிக்க ஒரு வழி உண்டு. 2,500-க்கும் மேற்பட்ட கண் காயங்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிடப்பட்ட கண் காய மதிப்பெண் முறையில், காயம் பட்டபோதைய பார்வைக்கு 60 முதல் 100 வரை புள்ளிகள் தரப்படும். கண் வெடித்திருந்தால் 23, உள்தொற்று இருந்தால் 17, ஒரு பொருள் கண்ணைத் துளைத்து மறுபக்கம் வெளியேறியிருந்தால் 14, விழித்திரை விலகியிருந்தால் 11, கண்மணியின் ஒளி எதிர்வினை குறைந்திருந்தால் 10 எனக் கழிக்கப்படும். கையசைவு மட்டும் தெரிந்த, வெடித்து, விழித்திரையும் விலகிய கண்ணுக்கு 70-இல் 34 போய் 36 மிஞ்சும். 44-க்குக் கீழ்ப்பட்ட இந்தப் பிரிவில் ஏறக்குறைய முக்கால்வாசிக் கண்கள் ஒளியும் தெரியாத நிலையில் முடிகின்றன. 6/12 பார்வையோடு (இயல்பான கண் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கும் அளவு) வந்த, மழுங்கிய அடியால் ஓரத்தில் மட்டும் விலகிய கண்ணுக்கு 100-இல் 11 போய் 89. இந்தப் பிரிவில் நான்கில் மூன்று பேருக்கு 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வை கிடைக்கிறது. இவை கூட்டத்தைப் பற்றிய கணக்கு. உங்கள் ஒரு கண்ணின் தலைவிதி அல்ல.

வெளிச்சமே தெரியவில்லை. கண்ணை எடுத்துவிட வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். காயம் பட்ட முதல் நாட்களில் ஒளி தெரியாமல் இருப்பதற்கு உள்ளே அடர்ந்த ரத்தமும் விலகிய விழித்திரையும் காரணமாக இருக்கலாம்; அப்படிப்பட்ட கண்கள் சில, விட்ரெக்டமிக்குப் பிறகு நடமாடும் அளவு பார்வை பெற்றிருக்கின்றன. முதலில் கண்ணைத் தைத்து முழுமையாக்குவதே முறை.

கண்ணை எடுக்கும் பேச்சு எழுவதற்குப் பின்னால் ஒரு நியாயமான அச்சம் இருக்கிறது. ஒரு கண் கிழிந்து அதன் உட்படலங்கள் வெளிப்படும்போது, உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் தவறுதலாக நல்ல கண்ணையும் தாக்கும் பரிவுக் கண் அழற்சி மிக அரிதாக ஏற்படுகிறது. பிரெய்ல் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெய்ல், மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் ஊசிக் கருவியால் ஒரு கண்ணைக் குத்திக்கொண்டு, பிறகு மறு கண்ணையும் இழந்ததற்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அது 1812, இன்று ஸ்டீராய்டும் நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மருந்துகளும் இருக்கின்றன, உரிய நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலும் பார்வையைக் காக்க முடிகிறது. பெரும்பாலான நிகழ்வுகள் முதல் ஆண்டுக்குள், அதிலும் முதல் மூன்று மாதங்களில் வருகின்றன. நல்ல கண்ணில் கூச்சம், மங்கல், வலி எது வந்தாலும் அன்றே போக வேண்டும். பார்வைக்கு எந்த வாய்ப்பும் இல்லாமல் வலி மட்டும் மிஞ்சிய கண்ணை எடுப்பது வேறு. அது நிதானமாகக் கலந்து பேசி எடுக்கவேண்டிய முடிவு.

ஒட்டிய விழித்திரை மறுபடி விலகுமா?

அடிபட்ட கண்களில் இது மற்ற கண்களைவிட அதிகம், தழும்புச் சவ்வு மீண்டும் வளர்வதுதான் முக்கியக் காரணம். அதைத் தடுக்கும் மருந்தைத் தேடும் முயற்சிகள் பல நடந்துள்ளன. பிரிட்டனில் 280 பேரைச் சேர்த்து நடத்தப்பட்ட அஸ்காட் ஆய்வில், அறுவையின்போது ஸ்டீராய்டு சேர்த்துக் கொடுத்தும் பார்வையில் பலன் கிடைக்கவில்லை. ஆகவே இன்றைக்கு நம்பக்கூடியது மறுபரிசோதனைதான். இரண்டு மூன்று அறுவை சிகிச்சைகள் தேவைப்படுவது அரிதல்ல; முதல் முறை யாரோ தவறு செய்ததால்தான் இரண்டாம் முறை என்று எண்ண வேண்டாம்.

எண்ணெய் எடுத்த பிறகு சிகிச்சை முடிந்துவிட்டதா?

எண்ணெய் உள்ளே இருக்கும் வரை கண்ணாடியின் பவர் மாறியிருக்கும். எடுத்த பிறகுதான் நிலையான கண்ணாடி. எண்ணெயை அளவுக்கு மீறி விட்டுவைத்தால் அது துளித்துளியாக உடைந்து கண் அழுத்தத்தை உயர்த்தும், கருவிழியையும் கெடுக்கும். வலியில்லை என்று எடுக்க வராமல் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கண் சுருங்கும் அபாயமுள்ள சிலருக்கு மட்டும் மருத்துவரே எண்ணெயை நிரந்தரமாக விட்டுவைப்பார். இயற்கை லென்ஸ் இருக்கும் கண்ணில் புரை வளரும், அதற்கும் சிகிச்சை தேவைப்படும். மழுங்கிய அடி பட்ட கண்ணில், உள்ளே சுரக்கும் நீர் வெளியேறும் வழியான கோணம் சேதமாகி, பத்து இருபது ஆண்டுகள் கழித்தும் கண் அழுத்த நோய் வரலாம். ஆண்டுக்கு ஒரு முறை கண் அழுத்தம் பார்ப்பது ஆயுளுக்கும் தொடர வேண்டும்.

அடிபட்டது குழந்தை. தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. ஏறக்குறைய எட்டு வயது வரை பார்க்கும் பழக்கத்தை மூளை கற்றுக்கொண்டிருக்கிறது. விழித்திரை நன்றாக ஒட்டினாலும், அந்தக் கண்ணுக்குச் சரியான கண்ணாடியோ லென்ஸோ தராமல் விட்டால், மூளை அதை ஒதுக்கிவிடும். நல்ல கண்ணை நாளில் சில மணி நேரம் ஒட்டி மூடி, அடிபட்ட கண்ணைப் பயன்படுத்த வைக்கும் பயிற்சி அறுவை சிகிச்சைக்கு இணையாக முக்கியமானது. பிள்ளை அழுகிறதே என்று பெற்றோரும் பாட்டியும் பட்டையை எடுத்துவிடுவது இயல்புதான். ஆனால் அந்த மாதங்கள் திரும்பி வராதவை.

கண்ணில் அடிபட்டவுடன் வீட்டில் என்ன செய்யலாம்?

கிழிந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் விடாதீர்கள். இவை தொற்றையே கொண்டுவரும். குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள். காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தைக் கண்ணைத் தொடாதபடி எலும்பின் மேல் வைத்து, பிளாஸ்திரி ஒட்டி அழைத்து வாருங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் சாப்பாடோ தண்ணீரோ தர வேண்டாம். ரசாயனம் தெறித்திருந்தால் மட்டும் இதற்கு நேர்மாறாக, உடனே குறைந்தது அரை மணி நேரம் தண்ணீரால் கழுவிய பிறகே புறப்பட வேண்டும்.

மீண்டும் வேலைக்கு எப்போது போகலாம்? மறு கண்ணைக் காக்க என்ன செய்யலாம்?

மேசை வேலைக்குச் சில வாரங்களிலும், பாரம் தூக்கும் வேலைக்கு மருத்துவர் அனுமதித்த பிறகும் போகலாம். ஒரு கண்ணில் பார்வை குறைந்தவருக்குத் தூரத்தைக் கணிப்பது முதல் சில மாதங்கள் கடினமாக இருக்கும். படி இறங்குவதும் டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதும் கூடத் தடுமாறும், பழகப் பழகச் சீராகும். உயரத்தில் ஏறுவதையும் இரண்டு சக்கர வாகனம் ஓட்டுவதையும் அதுவரை ஒத்திவைக்க வேண்டும். பவர் தேவையில்லாவிட்டாலும், எளிதில் உடையாத பாலிகார்பனேட் பிளாஸ்டிக் வில்லை பொருத்திய மூக்குக் கண்ணாடியை விழித்திருக்கும் நேரமெல்லாம் அணிய வேண்டும். பட்டறை, கல்குவாரி, பட்டாசு வெடிக்கும் இடம் ஆகியவற்றில் பக்கங்களையும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி தேவை. சாதாரணக் கண்ணாடி வில்லை உடைந்தால் அந்தச் சில்லே கண்ணைக் கிழிக்கும் என்பதால், வாங்கும்போது பாலிகார்பனேட் என்று கேட்டு வாங்குங்கள்.